கண்மாய்க் கரைத் தூக்கணாங்குருவி

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். வற்றாத பேராறு எதுவும் இந்நிலத்திற்கு இல்லை. வைப்பாறும், அருச்சுனா ஆறும், கௌசிகா ஆறும் மழை பெய்தால் ஓடும். மழை பொய்த்தால் மணற்பரப்பாய்க் கிடக்கும். ஆதலின் இந்நாட்டு முன்னோர் வானத்தை நம்பிக் கண்மாய்களை வெட்டினர், கரைகளை உயர்த்தினர், கரை கரையாதிருக்கப் பனைகளை வளர்த்தனர். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை தவறாது பொழியுமாயின் கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாயும். ஏனைய திங்களில் வெயிலே மிகுதி. அவ்வெயிலும் வறண்ட காற்றுமே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் துணையாயின. மருந்தும் தாளும் உலர்வதற்கு ஏற்ற இடம் இதனினும் வேறில்லை என்னுமாறு, சென்ற நூற்றாண்டில் சிவகாசி அத்தொழில்களுக்குத் தலையிடமாயிற்று.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் இப்பகுதியின் கண்மாய்க் கரை ஒன்றில் நடந்து செல்வோர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். நீர்ப்பரப்பின் மேலே சாய்ந்து நிற்கும் பனையின் ஓலை நுனிகளில் சுரைக்குடுக்கை போன்ற கூடுகள் பல தொங்கும். காற்று வீசுந்தோறும் அவை ஊசலாடும். அவற்றைச் சுற்றி மஞ்சள் நிறக் குருவிகள் சிறகடித்துக் கீச்சிடும். தொலைவிலிருந்து நோக்குவார்க்குப் பனையே விளக்கணி பூண்டு நிற்பது போலத் தோன்றும். அக்கூடுகளைப் பின்னுவது தூக்கணாங்குருவி என்னும் சிறு பறவையாகும்.

தமிழ்ப் புலவர்கள் இப்பறவையை நெடுங்காலமாக அறிவர். பனையில் தொங்கும் அதன் கூட்டைக் குறுந்தொகையின் 374ஆம் பாட்டு உவமையாக எடுத்தாளுகின்றது. ஒரு பக்கத்தே தொங்கவிடப்பட்ட வலம்புரிச் சங்கிற்கு அக்கூட்டைப் புறநானூற்றின் 225ஆம் பாட்டு ஒப்பிடுகின்றது. கூடு, சங்கு ஆகிய இரண்டின் வடிவத்தையும் மனத்தில் இருத்திப் பார்ப்பார்க்கு, அப்பாட்டைப் பாடிய ஆலத்தூர் கிழார் கூட்டை நேரிற் கண்டவர் என்பது விளங்கும். எல்லார்க்கும் எல்லாத் திறமும் வாய்ப்பதில்லை என்று கூற வந்த ஔவையாரின் தனிப்பாடலிலும் இக்குருவியின் கூடு இடம்பெற்றுள்ளது. மழையில் நனைந்த குரங்கிற்கு அறிவுரை கூறிய தூக்கணாங்குருவியின் கூட்டை அக்குரங்கு பிய்த்தெறிந்த கதையை விவேக சிந்தாமணி கூறும்.

இவ்வாறு புகழ்பெற்ற பறவையாயினும், இதனைப் பற்றி வழங்கும் செய்திகளில் கண்டறிந்தவை சில, கேட்டறிந்தவை பல. கேட்டவற்றுள் மூன்று செய்திகள் ஊர்தோறும் வழங்குவன. முதலாவது, இக்குருவி களிமண்ணைக் கூட்டினுள் வைத்து, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து, இரவில் விளக்காகப் பயன்படுத்தும் என்பது. இரண்டாவது, முழுக்கூட்டின் அருகே தொங்கும் அரைக்கூடு ஆண்குருவி அமர்ந்தாடுவதற்கு அமைந்த ஊஞ்சல் என்பது. மூன்றாவது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கணவன் மனைவியாய்க் கூடி ஒரு கூட்டைக் கட்டி வாழும் என்பது. மூன்றும் கேட்பதற்கு இனியனவே. அவை உண்மையா என்று அறிவதற்கு வழி யாது? கண்மாய்க் கரைக்குச் சென்று காண்பதே வழி.

கேள்வியை மட்டும் நம்பினால் கற்றவரும் பிழைபடுவர் என்பதற்கு இப்பறவையின் அறிவியற் பெயரே சான்றாகும். 1760ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிரிசோன் இதனை விளக்கி எழுதினார். அவர் ஆராய்ந்த பறவையின் உடல் பிலிப்பைன் தீவுகளிலிருந்து வந்தது எனத் தவறாகக் கருதினார். 1766ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு அதனைப் பின்பற்றிப் பிலிப்பைன் நாட்டுப் பறவை என்னும் பொருள்பட இதற்குப் பெயரிட்டார். இப்பறவைக்கோ இந்தியா, இலங்கை முதலாகத் தென்கிழக்கு ஆசியா வரையுள்ள நிலமே உறைவிடம். பிலிப்பைன் தீவுகள் இதன் இயற்கையான இருப்பிடம் அல்ல. முதன்முதல் விளக்கப்பட்ட பறவை இலங்கையைச் சேர்ந்தது என்பதே பின்னர்த் தெளிந்த முடிவு. எனினும் முதலில் இட்ட பெயரை மாற்றுவதில்லை என்னும் மரபினால் அப்பிழை இன்றளவும் பெயரிலே நிலைத்துவிட்டது.

கரிசற்காட்டுச் சிற்றூரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இப்பறவையைக் கண்டறிய விரும்பினான் எனக் கொள்வோம். அவனுக்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகள் அல்ல. ஒரு குறிப்பேடு, ஓர் எழுதுகோல், நேரம் அறியக் கடிகாரம், இவை போதும். தொலைநோக்கி இருப்பின் நன்று, இல்லையெனினும் குறையில்லை. இவற்றினும் இன்றியமையாதது பொறுமை. கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு, மரத்திற்குச் சற்றுத் தொலைவில், புதரின் நிழலில் அசையாது அமர்தல் வேண்டும். முதற்சிலபொழுது குருவிகள் அஞ்சி விலகும். அமர்ந்திருப்பவனால் தீங்கில்லை என்று கண்டபின் தம் தொழிலைத் தொடங்கும்.

முதல் நாள் அவன் குறிக்க வேண்டுவது பறவையின் உருவம். தூக்கணாங்குருவி ஊர்க்குருவி அளவினது; ஏறக்குறைய 15 செண்டிமீட்டர் நீளம் உடையது. விதைகளை உடைத்துத் தின்பதற்கு ஏற்ற தடித்த கூம்பு வடிவான அலகு உடையது. கூடு கட்டாத காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றத்தன. பழுப்பு நிறமும் முதுகிற் கருங்கீற்றுகளும் கொண்டிருக்கும். அக்காலத்தில் இதனை ஊர்க்குருவி என்று மயங்குவார் பலர். கூடு கட்டும் காலம் வந்ததும் ஆண் புத்தாடை புனைகின்றது. தலையுச்சியும் மார்பும் பொன்னிறம் பெறும். கண்ணும் கன்னமும் கருமுகமூடி அணிந்தாற்போலக் கறுத்துவிடும். பெண் தன் பழைய பழுப்பு நிறத்தோடே இருக்கும். ஆகவே அப்பருவத்தில் ஆண் இது, பெண் இது எனப் பிரித்தறிதல் எளிது.

இசைபாடும் பறவைகளின் பெருவரிசையில் இதுவும் ஒன்றே. ஆயினும் குயிலைப் போலக் குரலினிமையால் மயக்குவதன்று. ஆண்குருவிகள் பல ஒருங்கு கூடி விரைந்து கீச்சிட்டு, இறுதியில் நீண்ட ஓர் ஒலியை இழுக்கும். பெண்குருவிகள் வரும்போது அவ்வொலி பெருகும். அவை அகன்றதும் தணியும். செவி கொடுத்துக் கேட்பவன், கண்ணை மூடிக்கொண்டே பெண்பறவையின் வருகையை அறிந்துகொள்ளலாம்.

அடுத்துக் காணத்தக்கது கூடு கட்டும் திறம். ஆண்குருவி நெல்லின் தாள் அல்லது உயர்ந்த புல்லின் மீது அமரும். தாளின் ஓரத்தை அலகால் கடித்துச் சிறு வெட்டு உண்டாக்கும். பின்னர் அதன் முனையைப் பற்றிக்கொண்டு பறக்கும். பறக்கும் விசையால் தாள் நாராகக் கிழிந்து வரும். பனையோலையையும் அவ்வாறே கிழித்துக் கொள்ளும். அந்நாரை ஓலை நுனியிற் சுற்றி, காலால் அழுத்திக்கொண்டு, அலகால் உள்ளும் புறமும் கோத்து இழுத்து முடிச்சிடும். நெசவுத் தறியில் நாடா செல்வது போல அலகு சென்று மீளும். முதலில் ஒரு காம்பு உருவாகும். காம்பின் கீழே ஒரு வளையம் அமையும். அவ்வளையத்தின் இடையில் அமர்ந்துகொண்டு, தன் அலகு எட்டும் தொலைவையே அளவுகோலாகக் கொண்டு, சுற்றிலும் பின்னிச் செல்லும். ஒருபுறம் முட்டையிடும் அறையும், மறுபுறம் வாயிலும் அமையும். இந்நிலையில் அது கவிழ்த்த தலைக்கவசம் போலத் தோன்றும்.

நாரைப் பச்சையாகக் கொணர்வதற்கும் காரணம் உண்டு. பச்சை நார் வளையும். காய்ந்த நார் ஒடியும். பின்னிய பின்னர்க் காய்ந்து பழுப்பாகும்போது முடிச்சுகள் இறுகும். ஆதலின் கூட்டின் நிறத்தைக் கொண்டே அதன் வயதை ஓரளவு கணிக்கலாம். மேற்பகுதி பழுத்துக் கீழ்ப்பகுதி பசுமையாக இருக்குமாயின், அக்கூடு இன்னும் கட்டப்பட்டு வருகின்றது என்று அறியலாம். முதன்முதல் கட்டும் இளைய ஆண்களின் கூடு செம்மையாய் அமைவதில்லை. பழகப் பழகவே கை திருந்தும். சித்திரமும் கைப்பழக்கம் என்னும் முதுமொழி குருவிக்கும் பொருந்துவதே.

ஒரு கூட்டைக் கட்டி முடிப்பதற்கு ஆண்குருவி ஏறத்தாழ 500 முறை வரை நார் கொணரப் பறக்கும் என்றும், அதற்கு ஏறத்தாழ 18 நாள்கள் ஆகும் என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். மாணவன் இதனைத் தானே ஆராய்ந்து பார்க்கலாம். காலையில் அரைமணி நேரம் ஒரே கூட்டை நோக்கி, ஆண்குருவி எத்தனை முறை நாரோடு வந்தது என்று கோடிட்டுக் கணக்கிடலாம். நண்பகலிலும் மாலையிலும் அவ்வாறே செய்யலாம். மூன்றையும் ஒப்பிட்டால், எப்பொழுது அது மிகுதியாக உழைக்கின்றது என்பது அவனுக்கே புலனாகும். பிறர் கூறிய எண்ணைக் கேட்பதும், தானே எண்ணி அறிவதும் ஒன்றல்ல.

இனி அரைக்கூட்டின் மறைபொருளைக் காண்போம். கூடு தலைக்கவச நிலையை அடைந்ததும் ஆண்குருவி பின்னுவதைச் சற்று நிறுத்தும். கூட்டின் வாயிலில் தொங்கிக்கொண்டு சிறகுகளை அடித்துக் கூவும். அந்நேரம் பெண்குருவிகள் கூட்டமாக வந்து, கூடு கூடாகப் புகுந்து நோக்கும். வீடு வாங்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதைப் போல உள்ளிருந்து நாரை இழுத்துப் பார்க்கும். மனத்திற்குப் பிடித்தால் தங்கும்; இல்லையேல் அடுத்த கூட்டிற்குச் சென்றுவிடும். பெண் ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் அக்கூட்டின் முட்டையறையை மூடி, வாயிற்குழலைக் கீழ்நோக்கி நீளப் பின்னி முடிக்கும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு அரைகுறையாகவே கைவிடப்படும். ஊரார் ஊஞ்சல் என்று கூறும் அரைக்கூடு உண்மையில் ஏற்கப்படாத கூடாகும். அல்லது ஏற்பாரை நோக்கிக் காத்திருக்கும் கூடாகும்.

இவ்வுண்மையை முறையாக ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தவர் இந்தியப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி ஆவார். 1896ஆம் ஆண்டில் பம்பாயிற் பிறந்த அவர், 1929ஆம் ஆண்டில் செருமனி நாட்டுப் பெர்லின் நகரம் சென்று பறவையியல் பயின்றார். 1930ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பியபோது, முன்னர் அவர் பார்த்துவந்த வேலை பொருளின்மையால் நீக்கப்பட்டிருந்தது. வேறு வேலையும் உடனே கிட்டவில்லை. பம்பாய்க்குத் தெற்கே கடற்கரையிலுள்ள கிஹிம் என்னும் சிற்றூரில் அவர் தங்க நேர்ந்தது. அவ்வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லையே என்று கவன்று சோர்ந்திராமல், அவர் அக்குருவிகளைப் பல திங்கள் கூர்ந்து நோக்கினார். எந்தக் கூடு எந்நாள் தொடங்கப்பெற்றது, எந்த ஆண் கட்டியது, எந்தப் பெண் ஏற்றது என்று குறித்து வந்தார்.

அக்குறிப்புகள் பழைய எண்ணத்தை மாற்றிவிட்டன. ஓர் ஆண்குருவி ஒரு கூட்டைப் பெண் ஏற்றதும் அதனை முடித்துக் கொடுத்துவிட்டு, அண்மையில் மற்றொரு கூட்டைத் தொடங்குகின்றது. அதனை வேறொரு பெண் ஏற்கின்றது. இவ்வாறு ஒரு பருவத்தில் ஓர் ஆணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்துணைகள் பல அமைதல் உண்டு. ஒரு கூட்டை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து கட்டுவதாகக் கூறிய செய்தி இவ்வாறு திருந்தியது. பின்னும் தொழில் பெரிதும் ஆணுடையதே. பெண் உள்ளறையைச் செப்பனிடுவதில் பங்கு கொள்ளும். சாலிம் அலியின் ஆராய்ச்சிக் கட்டுரை 1931ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. உலக அறிஞர்கள் அவரை அறிவதற்கு வழி செய்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களைக் கற்றே இந்நாட்டில் பலர் பறவை காணப் பழகினர். 1976ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 1987ஆம் ஆண்டில் மறைந்தார். வேலையற்றிருந்த காலமே பெரும்பணிக்கு வாயிலாயிற்று என்பது எண்ணத்தக்கது.

எஞ்சிய செய்தி மின்மினி விளக்கு. இக்குருவி கூட்டின் உட்சுவரில் ஈரக் களிமண் உருண்டைகளை அப்புவது உண்மையே. கண்மாயின் ஓரத்தில் அது சேற்றைக் கொத்துவதைக் கண்ணாரக் காணலாம். காற்றிற் கூடு மிகுதியாக ஆடாதிருக்க அம்மண் எடை சேர்க்கும் என்பார் சிலர். வேறு பயன் கூறுவாரும் உளர். ஆனால், பருவம் முடிந்து கைவிடப்பட்ட கூடுகளைப் பிரித்து ஆராய்ந்தோர் மண்ணைக் கண்டனரேயன்றி விளக்கைக் கண்டிலர். சற்றே எண்ணிப் பார்ப்பினும் இது விளங்கும். மண்ணிற் பதித்த மின்மினி விரைவில் மாளும். மாண்டபின் ஒளி ஏது? மேலும், இருட்டியதும் உறங்கும் பறவைக்கு விளக்கினால் ஆவது என்ன? கூட்டினுள் மண் இருப்பதைக் கண்ட பண்டையோர், அதற்குக் காரணம் காண முயன்று இக்கதையைப் புனைந்தனர் போலும். கண்டது உண்மை, அதற்குக் கூறிய காரணமே பிழை. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதே ஆராய்ச்சியின் முதற்படி.

கூட்டினுள் பெண்குருவி 2 முதல் 4 வரை வெண்ணிற முட்டைகள் இடும்; 14 முதல் 17 நாள்கள் வரை அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் ஏறக்குறைய 17 நாள்களிற் கூட்டை விட்டுப் பறக்கும். வாயிற்குழல் நீண்டு தொங்குவதாலும், கீழே நீரோ கிணறோ இருப்பதாலும் பகைகள் எளிதில் அணுகுவதில்லை. எனினும் காகமும், பாம்பும், எலியும் சிற்சிலபோது கூட்டைச் சிதைப்பதுண்டு. கைவிடப்பட்ட கூடுகளிற் சில்லை என்னும் வேறு சிறு குருவிகள் குடிபுகுவதும் உண்டு.

உழவர் இக்குருவியைக் குறித்து இருவேறு கருத்து உடையர். முதிர்ந்த பறவைகள் புல்விதையையும், கதிர் முற்றிய காலத்தில் நெல்லையும் தின்பது உண்மை. குஞ்சுகளுக்கோ அவை பூச்சிகளையும் புழுக்களையும் தேடிக் கொணர்ந்து ஊட்டும். கதிர் முற்றுமுன் பயிரைத் தின்னும் பூச்சிகள் பல இவ்வாறு அழிகின்றன. கொள்வதை மட்டும் நோக்கிக் கொடுப்பதை மறத்தல் நடுநிலை ஆகாது.

சில வாரங்கள் இவ்வாறு நோக்கிக் குறித்த மாணவனின் குறிப்பேடு அவனுக்குப் புதிய உண்மை ஒன்றை உணர்த்தும். குருவி கூடு கட்டும் மரம் எது என்று அவன் எழுதியிருப்பான்: பெரும்பாலும் பனை, சில இடங்களில் தென்னை, நீரின் மேல் கவிந்த முள்மரம். நார் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருப்பான்: நெல்வயல், கண்மாய்ப் புல். மண் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருப்பான்: கண்மாயின் ஈரக்கரை. கூடு கட்டாத காலத்தில் மாலைதோறும் அவை எங்கே கூட்டமாய் அடைகின்றன என்று தேடினால், கண்மாயின் கோரையையும் சம்பையும் காண்பான். அக்கோரைப் புதர்களில் மார்பிற் கருங்கீற்றுடைய வேறோர் இனத் தூக்கணாங்குருவி கூடு கட்டுவதையும் அவன் காணக்கூடும். இந்தியாவில் வாழும் தூக்கணாங்குருவி இனங்கள் நான்கு. ஆக, நீரும், புல்லும், மரமும் ஆகிய மூன்றும் ஒருங்கே உள்ள இடத்தில்தான் இக்குருவி வாழ்கின்றது. மூன்றில் ஒன்று நீங்கினும் அது இடம் பெயரும்.

இம்மூன்றும் இன்று இடர்ப்படுகின்றன. வரத்துக்கால் தூர்ந்த கண்மாய்களில் நல்ல மழையாண்டிலும் நீர் நிற்பதில்லை. நீர் நில்லாத உட்பரப்பைச் சீமைக் கருவேலம் மூடிக்கொள்ளும். செங்கற் சூளைக்கு விறகாகப் பனைகள் பல வெட்டுண்டன. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். எனினும் ஒரு பனை வளர்ந்து பயன் தருவதற்கு ஆண்டுகள் பல வேண்டும். வெட்டுவதற்கு ஒரு நாழிகை போதும். இதனை உணர்ந்தே, மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. விருதுநகரை அடுத்த குல்லூர்ச்சந்தை, சிவகாசிப் பகுதியிலுள்ள வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம் ஆகிய இடங்களின் நீர்த்தேக்கங்கள் மட்டும் இருந்தாற் போதா. ஊர்தோறும் உள்ள சிறு கண்மாயும், அதன் கரையிலுள்ள நாலைந்து பனைகளும் நிலைத்தல் வேண்டும். குருவிக்குத் தேவையான அவையே மனிதரின் கிணற்றில் நீர் ஊறுவதற்கும் தேவையானவை. பனையிற் கூடுகள் குறைந்தன என்று மாணவனின் குறிப்பேடு கூறுமாயின், அச்செய்தி குருவியைப் பற்றியது மட்டுமன்று. ஊரின் நீரைப் பற்றியதும் ஆகும்.

பட்டாசு செய்யும் நாட்டிற்கு உரிய பொறுப்பு மற்றொன்றும் உண்டு. தீபாவளித் திருநாள் ஐப்பசியில் வருகின்றது. மழை முந்திய ஆண்டுகளில் அந்நாளிற் கூடுகளில் முட்டையோ குஞ்சோ இருத்தல் கூடும். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்னும் சிற்றூரின் அருகே வேட்டங்குடிப் பறவைகள் புகலிடம் உள்ளது. அரசு அதனை 1977ஆம் ஆண்டிற் புகலிடமாக அறிவித்தது. அங்கே நாரைகளும் கொக்குகளும் பிற நீர்ப்பறவைகளும் வந்து கூடு கட்டுகின்றன. அவை அஞ்சி அகலாதிருக்கும் பொருட்டு, அவ்வூர் மக்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. எவரும் வற்புறுத்தி அவ்வழக்கம் ஏற்பட்டதன்று. வந்த விருந்தினரைப் பேணும் உள்ளத்தால் ஏற்பட்டது.

சிவகாசி மக்கள் வெடியின் ஆற்றலைப் பிறரினும் நன்கு அறிந்தவர்கள். தொழிற்கூடங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுவதும், உராய்வும் பொறியும் நேராமற் காப்பதும் அத்தொழிலின் அடிப்படை ஒழுங்கு. எவ்விடத்தில் எதனைச் செய்யலாகாது என்னும் அறிவு அங்குள்ள குழந்தைக்கும் வாய்த்துள்ளது. அவ்வறிவையே சற்று விரித்து, கூடு தொங்கும் பனையின் அருகிலும் கண்மாய்க் கரையிலும் வெடி வெடிப்பதில்லை என்று அவர்கள் உறுதி கொள்வாராயின், தொழிலுக்கும் குறைவில்லை, திருநாளின் மகிழ்ச்சிக்கும் குறைவில்லை, குஞ்சுகளுக்கும் தீங்கில்லை.

பறவை காண்பவன் போற்ற வேண்டிய நெறிகளும் உள. கூட்டைத் தொடலாகாது; கல்லெறியலாகாது; குஞ்சு உள்ள கூட்டிற்கு அருகே செல்லலாகாது. அழகுப்பொருளாக வீட்டில் மாட்டுவதற்குக் கூட்டை அறுத்துவரும் வழக்கம் சிலரிடம் உண்டு. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அறுப்பது பல நாள் உழைப்பையும் உயிர்களையும் ஒருங்கே அழிப்பதாகும். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய செயல்களைத் தடுக்கின்றது. விவேக சிந்தாமணியில் வரும் குரங்கு சினத்தால் கூட்டைப் பிய்த்தது. ஆறறிவுடைய மனிதன் விளையாட்டாகப் பிய்ப்பானாயின் அவனுக்கும் அதற்கும் வேறுபாடு யாது?

ஆகவே மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கண்மாயின் கரையில் ஒரு பனையைத் தேர்ந்துகொள்வாராக. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அதிற் கூடுகள் எத்தனை, முழுக்கூடு எத்தனை, அரைக்கூடு எத்தனை, கண்மாயில் நீர் எவ்வளவு என்று நாளிட்டுக் குறிப்பாராக. ஓராண்டுக் குறிப்பு சிறிதே எனினும், பத்தாண்டுக் குறிப்புகள் ஒன்று சேர்ந்தால் ஓர் ஊரின் வரலாறாகும். கிஹிம் என்னும் சிற்றூரில் ஒருவர் பொறுமையோடு நோக்கியதால் உலகின் தவறான எண்ணம் திருந்திற்று. கரிசற்காட்டுக் கண்மாய்க் கரைகளிலும் நோக்குவார்க்குக் காட்சிகள் காத்திருக்கின்றன. கேட்டதைக் கண்டு தெளிதலும், கண்டதைக் காத்தலும் கற்றவர் கடனாகும்.